ஆறு முதல் எட்டு வரை: தருமபுரி மாவட்ட நடுநிலைப் பள்ளிகளில் கணிதம்

தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி என்பது ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை ஒரே வளாகத்தில் நடத்தும் பள்ளியாகும். கிராமங்களில் இது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியாக இருக்கும். முதல் ஐந்து வகுப்புகளை இடைநிலை ஆசிரியர்களும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளைப் பாடவாரியாகப் பட்டதாரி ஆசிரியர்களும் நடத்துவார்கள். இந்த மேல் மூன்று வகுப்புகளில்தான் பள்ளிக் கணிதத்தின் இயல்பே மாறுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை குழந்தை எண்ணுகிறது, கூட்டுகிறது, பங்கிடுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் கண்முன்னே ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு அளவுகளுக்கு இடையிலுள்ள உறவே எண்ணாகிறது: பின்னம், விகிதம், சதவீதம், பூச்சியத்துக்குக் கீழே போகும் முழுக்கள், எண்ணின் இடத்தில் வந்து நிற்கும் எழுத்து. எண்ணிப் பழகிய குழந்தை உறவை எண்ணாகப் பார்க்கப் பழகுவது தானாக நடப்பதில்லை. அதைத் தனியாகக் கற்பித்தாக வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் நடுநிலை வகுப்புகளில் அந்தக் கற்பித்தலுக்குப் பாடத்திட்டமும் ஆசிரியர் பணியமைப்பும் மதிப்பீட்டு முறையும் எவ்வளவு இடம் தருகின்றன என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிக்கப்பட்ட தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபின் இன்றைய எல்லைகளைப் பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதன் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, அன்றிருந்த 32 மாவட்டங்களில் இதுவே கடைசி இடம். பெண்களின் எழுத்தறிவு 60 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அந்தப் பெண்களின் பிள்ளைகளே கடந்த பத்தாண்டுகளில் நடுநிலை வகுப்புகளில் அமர்ந்தவர்கள் என்பதால், வீட்டுக் கணக்கைச் சரிபார்க்க வீட்டில் ஆள் இருக்கிறார் என்ற எண்ணத்தின்மீது இங்கே எந்தக் கற்பித்தல் முறையையும் கட்ட முடியாது. வானம் பார்த்த நிலங்களும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களும் மிகுந்த மாவட்டம் இது. பெற்றோருடன் சென்று சில வாரங்கள் கழித்துத் திரும்பும் மாணவர், விட்டுப்போன வரலாற்றுப் பாடத்தைப் பின்னர் படித்துக்கொள்ளலாம். விட்டுப்போன வகுத்தலைப் பின்னர் யாரும் நடத்துவதில்லை, அடுத்த பாடமோ அது தெரியும் என்றே தொடங்குகிறது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களின் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகளுக்கும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகளுக்கும், வாக்கியக் கணக்கின் தமிழைப் படித்துப் பொருள் கொள்வதே முதல் வேலையாகிவிடுகிறது.

இந்த நிலத்தில் கணக்குக் கல்வி புதிதாக வந்து சேர்ந்ததன்று. ஆங்கிலேய அரசுப் பள்ளிகளுக்கு முன்பு தமிழகமெங்கும் இருந்த திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியே அடிப்படை நூல். முழு எண்களின் பெருக்கல் வாய்ப்பாட்டோடு பின்னங்களின் வாய்ப்பாட்டையும் அது கொண்டிருந்தது. காலும் அரையும் மட்டுமின்றி, இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி வரை மாணவர் மனப்பாடம் செய்தனர். நெல்லும் பொன்னும் நிலமும் அளக்கும் ஊரில் அக்கணக்கு நாளும் தேவைப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளரான செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூல், இந்த நினைவுவழிக் கல்வியை விரிவாக ஆராய்ந்து, அதை வெறும் உருப்போடலாகக் கருதிய பழைய பார்வையைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதியில் 1792 முதல் 1799 வரை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இருந்து தருமபுரியில் தங்கி வருவாய்ப் பணி செய்த தாமஸ் மன்றோ, பின்னர் சென்னை மாகாண ஆளுநரானபோது 1822இல் உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருப்பதாக அக்கணக்கெடுப்பு காட்டியது. பின்னர் வந்த அரசுப் பள்ளி முறை அந்தத் திண்ணைக் கணக்கின் சாதிக் கட்டுகளைத் தளர்த்தியது. கூடவே ஊரின் அளவைகளுக்கும் பள்ளிக் கணக்குக்கும் இருந்த நேரடித் தொடர்பையும் அறுத்தது. முதலாவது பெரும் நன்மை. இரண்டாவதன் விளைவு இன்றைய ஏழாம் வகுப்பிலும் தெரிகிறது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்தில், பெண் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களுக்கென மத்திய அரசு 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே தருமபுரி சேர்க்கப்பட்டது. பள்ளிக் கட்டடங்களும் வட்டார வள மையம், குறுவள மையம் என்ற ஆசிரியர் பயிற்சி அமைப்புகளும் அத்திட்டத்தின் வழியே வளர்ந்தன. பாடத்திட்ட அளவில் முக்கியமான திருப்பம் 2005இன் தேசியக் கலைத்திட்டம். அதன் கணிதக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பெரும்பான்மைக் குழந்தைகளை ஆட்கொள்ளும் தோல்வி அச்சத்தைக் கணிதக் கல்வியின் மையச் சிக்கலாக அக்குழு முன்வைத்தது. கணக்குப் போடும் திறனைத் தாண்டி, குழந்தையின் சிந்தனையே கணிதமயமாவதை நோக்கமாக வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 2010இல் தொடங்கிய சமச்சீர்க் கல்வி நூல்களும், பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த இன்றைய நூல்களும் இந்தச் சிந்தனையை ஓரளவு ஏற்றவை. செயல்பாடுகள், படங்கள், புதிர்கள் ஆகியவற்றோடு, வரிசைப்படுத்தலையும் வழிமுறைச் சிந்தனையையும் பழக்கும் ‘தகவல் செயலாக்கம்’ என்ற அலகும் அவற்றில் உண்டு. பழைய நூல்களோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறந்தவை என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஆறாம் வகுப்பு நூலின் அடுக்கில் ஒரு பெரிய குறை உள்ளது. ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரித்துப் பருவத்துக்கு ஒரு நூல் தரும் முறை 2012-13இல் வந்தது. புத்தகப் பையின் கனத்தைக் குறைத்த இம்முறையில், ஆறாம் வகுப்பின் முதல் பருவத்தில் இயற்கணித அறிமுகமும் விகிதமும் விகிதசமமும் இடம்பெறுகின்றன. பின்னங்கள் மூன்றாம் பருவத்துக்குப் போய்விடுகின்றன. விகிதம் என்பது இரு அளவுகளை வகுத்து ஒப்பிடுவது. ஒப்பீட்டின் விடை பின்னமாகவே எழுதப்படுகிறது. பின்னம் தொடக்க வகுப்புகளிலேயே அறிமுகமாகிவிட்டது, ஆகவே மாணவருக்கு அது தெரியும் என்ற எதிர்பார்ப்பின்மேல் இந்த அடுக்கு நிற்கிறது. அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பதை 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் நடந்த பரக் தேசிய மதிப்பீடு காட்டியது. கணிதத்தில் மூன்றாம் வகுப்பின் தேசிய சராசரி 60 விழுக்காடு, ஆறாம் வகுப்பில் 46, ஒன்பதாம் வகுப்பில் 37. அரை, கால் போன்ற எளிய பின்னங்களைக் குறித்துக் காட்டவும் ஒப்பிடவும் ஆறாம் வகுப்பில் 29 விழுக்காட்டினரால் மட்டுமே முடிந்தது. கிராமப்புறக் குழந்தைகளை வீட்டில் சந்தித்துச் சோதிக்கும் அசர் 2024 ஆய்வில், எட்டாம் வகுப்பு மாணவரில் 45.8 விழுக்காட்டினரே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தனர். இவை நாடு தழுவிய எண்கள். எனினும் வகுப்பு ஏற ஏற கணிதம் சரிவதும், சரிவு பின்னத்திலும் வகுத்தலிலும் குவிவதும் தருமபுரி வகுப்பறைகளுக்கு அந்நியமானவை அல்ல.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் மாணவரை எந்தப் பள்ளியிலும் காணலாம். மேலுள்ள எண்களான தொகுதிகளைக் கூட்டி மேலேயும், கீழுள்ள எண்களான பகுதிகளைக் கூட்டிக் கீழேயும் எழுதுவதால் வரும் பிழை இது. பொதுவாக நடப்பது என்னவெனில், ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, மீச்சிறு பொது மடங்கு கண்டு பகுதிகளைச் சமப்படுத்தும் முறையைக் கரும்பலகையில் மீண்டும் எழுதுகிறார், மாணவர் நகலெடுக்கிறார், அடுத்த வாரம் அதே பிழை திரும்புகிறது. குழந்தை ஒரு பின்னத்தை மேலும் கீழுமாக நிற்கும் இரு தனி எண்களாகப் பார்க்கும் வரை இந்தப் பிழை போகாது. ஐந்தில் இரண்டு என்பது அரையை விடச் சிறியது. அரையோடு எதையோ கூட்டிய பின் அரையை விடக் குறைந்துவிட்டதே என்று மாணவரே வியக்க வேண்டும். அந்த வியப்பு வந்தபின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், அதில் பாதி 30 நிமிடம், மூன்றில் ஒன்று 20 நிமிடம், சேர்ந்தால் 50 நிமிடம். அறுபதில் ஐம்பது, அதாவது ஆறில் ஐந்து. பகுதிகளை ஏன் சமப்படுத்த வேண்டும் என்பதற்கு அறுபது என்ற பொது அளவே விடை சொல்லிவிடுகிறது. விதி அதன்பின் வந்தால் நிலைக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு முழுப் பாடவேளையை ஒரே கணக்குக்குத் தர ஆசிரியருக்குச் சுதந்திரம் வேண்டும். பருவ இறுதிக்குள் அலகை முடிக்கும் அவசரம் அதைத்தான் முதலில் பறிக்கிறது.

ஊரின் கணக்குக்கும் நூலின் கணக்குக்கும் உள்ள பிளவு மிகத் தெளிவாகத் தெரிவது ஏழாம் வகுப்பின் தனிவட்டிப் பாடத்தில். கிராமத்தில் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பத்தாயிரம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 200 ரூபாய், ஒன்றரை ஆண்டில் 3,600 ரூபாய் வட்டி என்பதைப் பள்ளிக்கே போகாத பாட்டியும் மனக்கணக்காகச் சொல்வார். நூலிலோ அசலையும் ஆண்டையும் வட்டிவீதத்தையும் பெருக்கி நூறால் வகுக்கும் சூத்திரம் இருக்கிறது. அதில் வட்டிவீதம் ஆண்டுக்கானது. சூத்திரத்தில் வீதத்தின் இடத்தில் இரண்டை வைக்கும் மாணவருக்கு வட்டி 300 ரூபாய் என்று வருகிறது. மாத வீதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக்கு 24 விழுக்காடு என்று வைத்தால் 3,600 ரூபாய் சரியாகக் கிடைக்கிறது. இந்த ஒரு கணக்கில் சதவீதம், அலகு மாற்றம், சூத்திரத்தின் பொருள் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன; ரெண்டு வட்டியும் மூன்று வட்டியும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்ற வாழ்க்கை அறிவும் கூடவே வருகிறது. பாலக்கோட்டின் தக்காளிச் சந்தையும் தருமபுரியின் பட்டுக்கூடு ஏலமும் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் புளியும் இதே போன்ற கணக்குகளைத் தரக் காத்திருக்கின்றன. மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் எழுதும் குழுவால் இவற்றைச் சேர்க்க முடியாது. ஒன்றிய அளவில் கூடும் ஆசிரியர்களால் முடியும். குறுவள மையக் கூட்டங்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது.

சந்தைக் கணக்கு தெரிந்த பிள்ளை பள்ளிக் கணக்கில் தானாகவே தேறிவிடும் என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், விற்பனையின்போது 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் செய்த அதே சிறுவர்கள், தாளில் தரப்பட்ட அதே கணக்குகளில் 37 விழுக்காட்டை மட்டுமே சரியாகச் செய்தனர். நேச்சர் இதழில் 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் இதையே கண்டது; எழுத்துக் கணக்கில் தேர்ந்த பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர் என்ற மறுபக்கத்தையும் காட்டியது. இரு அறிவுகளையும் இணைப்பது வகுப்பறையின் வேலை. கேரளத்துக்கோ பெங்களூருக்கோ ஏற்றப்படும் தக்காளிப் பெட்டிகளை மனத்தில் எண்ணிச் சொல்லும் மாணவரிடம், மனத்தில் செய்ததைத் தாளில் படிப்படியாக எழுதிக் காட்டுமாறு யாரும் கேட்காதவரை, அந்த அறிவு சந்தையிலேயே தங்கிவிடும்.

அப்படிக் கேட்க வேண்டியவர் ஆசிரியர். அவரது பணிச்சூழலே இந்த ஆய்வின் கனமான பகுதி. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றும், அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்துக் குறைந்தது ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த சிறு நடுநிலைப் பள்ளியில் இந்தக் குறைந்தபட்சமே நடைமுறையில் உச்சவரம்பாகிவிடுகிறது. அங்கே ஒரே பட்டதாரி ஆசிரியர் மூன்று வகுப்புகளுக்கும் கணிதமும் அறிவியலும் நடத்துகிறார். அவர் தாவரவியல் படித்தவராகவும் இருக்கலாம், வேதியியல் படித்தவராகவும் இருக்கலாம். 2012-13க்குப் பின் அரசுப் பள்ளிகளில் பரவிய ஆங்கில வழிப் பிரிவு உள்ள இடங்களில், ஒரே பாடவேளையில் இரு மொழிகளில் விளக்க வேண்டிய சுமையும் சேர்கிறது. இதில் தனிப்பட்ட ஆசிரியரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. பள்ளிக் கணிதத்தை நடத்த உயர்கணிதப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக் கணிதத்தையே ஆழமாக அறிந்திருக்க வேண்டும். லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கை அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் 9 பேரே முழுமையாகச் செய்தனர். சீன ஆசிரியர்கள் அனைவரும் செய்ததோடு, அதற்கேற்ற வாழ்க்கைச் சூழலையும் பெரும்பாலோர் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்தச் சீன ஆசிரியர்கள் குறைந்த ஆண்டுகளே படித்தவர்கள். ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெயை அரை லிட்டர்ப் பாட்டில்களில் ஊற்றினால் மூன்றரைப் பாட்டில் வரும் என்று விளக்கும் திறன், சக ஆசிரியரோடு பாடத்தைத் தொடர்ந்து பேசிப் பேசி வளர்வது. ஒரே கணித ஆசிரியர் உள்ள பள்ளியில் பேச ஆளில்லை.

அதே சமயம் சிறு நடுநிலைப் பள்ளிக்கு ஒரு தனிப் பலமும் உண்டு; அது போதிய அளவு பேசப்படுவதில்லை. ஆறாம் வகுப்பில் சேரும் மாணவரை அதே கணித ஆசிரியர் எட்டாம் வகுப்பு வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்க்கிறார். எந்தப் பிள்ளைக்கு வகுத்தலில் ஈவின் நடுவே பூச்சியம் போட மறக்கிறது, எந்தப் பிள்ளை 0.35ஐ 0.5ஐ விடப் பெரியதெனக் கொள்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பெயரோடு தெரியும். பல பிரிவுகள் கொண்ட பெரிய மேல்நிலைப் பள்ளியில் இது அரிது.

மதிப்பீட்டு முறை இந்த அறிவைப் பதிவு செய்வதில்லை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத கொள்கையைத் தமிழ்நாடு பின்பற்றுகிறது. 2019இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அது சரியான முடிவு. தேர்வில் தோற்ற குழந்தையை அதே வகுப்பில் மீண்டும் அமர்த்துவதால் பின்னம் புரிந்துவிடாது. தருமபுரி போன்ற மாவட்டத்தில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அது பள்ளியை விட்டு வெளியேறும் வாயிலாகிவிடும். ஆனால் தேர்ச்சி தருவதோடு எது தெரியவில்லை என்ற குறிப்பும் அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். கற்றல் நடக்கும்போதே செயல்பாடுகளாலும் சிறு தேர்வுகளாலும் அளக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்ற பகுப்பு இதற்காகவே வந்தது. நடைமுறையில் முதலாவது பதிவேட்டில் நிரப்பப்படும் எண்ணாகச் சுருங்கிவிட்டது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறனாய்வுத் தேர்வு இன்னொரு இழுவிசை. தேர்வானவருக்கு நான்காண்டுகள் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைப்பது கூலிக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. ஆகவே வாய்ப்புள்ள சில மாணவருக்குத் தனிப் பயிற்சி தர ஆசிரியர்கள் மாலை நேரங்களையும் விடுமுறைகளையும் மனமுவந்து செலவிடுகிறார்கள். வகுப்பின் கடைசி வரிசைக்கு அந்த நேரம் மிஞ்சுவதில்லை.

சீர்திருத்தங்கள் வராமல் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் எம். பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலத் தொடக்க வகுப்புகளெங்கும் பரவியபோது, நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி என்ற முறை வந்தது. பாடத்தைப் படித்து, மனவரைபடம் வரைந்து, தொகுத்து, குழுவில் பேசும் அதன் படிநிலைகள் சமூக அறிவியலுக்கும் மொழிக்கும் பொருந்தின. ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிப் பிழை செய்து திருத்திக்கொள்ள வேண்டிய கணிதத்துக்கு அவை பொருந்தவே இல்லை. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, கணித இழப்பு தமிழ் இழப்பைப் போல இருமடங்குக்கு மேல் என்று கண்டது. பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அதில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத் தன்னார்வலர்களின் பங்கையும் பதிவு செய்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கம் முதல் மூன்று வகுப்புகளையும், மறு ஆண்டில் ஐந்தாம் வகுப்பு வரையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிகள் மூடப்பட்டிருந்த முதல் கல்வியாண்டில் இரண்டாம் வகுப்பில் இடமதிப்பைத் தவறவிட்ட குழந்தை 2025-26இல் ஏழாம் வகுப்பை எட்டியது.

ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கென வந்த வானவில் மன்றம், 2022 நவம்பரில் தொடங்கி, அறிவியல், கணிதக் கருவிகளோடு கருத்தாளர்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அது தரும் உற்சாகம் உண்மையானது. ஆயினும் எப்போதாவது வரும் கருத்தாளரால் நாள்தோறும் நடக்கும் பாடவேளை மாறுவதில்லை. அவரது பெட்டியிலுள்ள பின்னப் பட்டைகள் அவர் போனபின்னும் பள்ளியில் இருக்க வேண்டும். 2025-26இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன் குறைந்தவர்களைக் கண்டறிந்து தனிப் பயிற்சி தரும் ‘திறன்’ இயக்கமே, சிக்கலின் இடத்தை முதன்முறையாகச் சரியாகத் தொட்ட முயற்சி. கீழ் வகுப்புகளில் விட்டதை மேல் வகுப்பில் மீட்க நேரம் ஒதுக்க வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் பொருள் பெரிது. அதை இன்னொரு பதிவேடாகச் சுருங்கவிடாமல், பாடநூலை முடிக்கும் கட்டாயத்திலிருந்து அந்த நேரத்தைக் காப்பாற்றுவது வட்டார அலுவலர்களின் கையில் இருக்கிறது.

செலவு கேட்கும் மாற்றமும் செலவு கேட்காத மாற்றமும் இங்கே அருகருகே நிற்கின்றன. தருமபுரி போன்ற மாவட்டங்களில், மாணவர் எண்ணிக்கை எதுவாயினும், ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அறிவியலிலிருந்து பிரித்துத் தனியே ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியரைத் தருவதற்குப் பணம் வேண்டும். சட்டத்தின் குறைந்தபட்சத்தைத் தாண்டத் துணிவும் வேண்டும். ஆறாம் வகுப்பின் பின்னங்களை மூன்றாம் பருவத்திலிருந்து முதல் பருவத்துக்குக் கொண்டுவந்து விகிதத்துக்கு முன் வைப்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. அடுத்த பாடநூல் திருத்தம் வரை காத்திராமல், வரும் ஜூன் மாதமே அந்த வரிசையில் பாடம் நடத்த ஆறாம் வகுப்பு ஆசிரியர்களுக்குக் கல்வித்துறை அனுமதி தர வேண்டும்.